இன்ஜின் ஆயிலின் பெயரை மாற்றினால் வண்டியின் திறன் கூடுமா?

இருசக்கர வாகனக் கடனுக்கு மாதந்தோறும் எவ்வளவு தவணை செலுத்துகிறோம் என்பது நம் அனைவருக்கும் தெரியும். அந்த வாகனத்தின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவிடுகிறோம், அதில் தேவையற்றது எவ்வளவு என்பதை நாம் கணக்கிடுவதில்லை. அத்தகைய செலவுகளுள் ஒன்று இன்ஜின் ஆயில். “இந்தக் கம்பெனி ஆயிலை ஊற்றிப் பாருங்கள், வண்டி பறக்கும்” என்ற பரிந்துரையைப் பழுதுபார்க்கும் கடைகளில் நம்மில் பலர் கேட்டிருப்போம். இது எந்த அளவுக்கு உண்மை என்பதை இங்குக் காண்போம்.

உணரப்படும் மாற்றம் எதனால்?

ஆயிலை மாற்றியவுடன் வண்டியின் ஒலி குறைவதும், கியர் எளிதாக விழுவதும் உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் புதிய பெயரன்று, புதிய ஆயில். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கியர்ப் பெட்டி, கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். இன்ஜினின் வெப்பம் அதனைச் சிதைக்கிறது; எரிபொருளின் கசடு அதில் கலக்கிறது; கியர்ப் பற்களின் இடையே நசுங்கி அதன் பாகுத்தன்மை குறைகிறது. இவ்வாறு தளர்ந்துபோன ஆயிலை வடித்துவிட்டுப் பழைய கம்பெனியின் புதிய ஆயிலையே ஊற்றியிருந்தாலும் ஏறத்தாழ இதே மாற்றத்தை நாம் உணர்ந்திருப்போம்.

கவனிக்க வேண்டிய குறியீடுகள்

கம்பெனியின் பெயரைவிட டப்பாவின் மீதுள்ள மூன்று குறியீடுகளே முக்கியமானவை.

முதலாவது, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற எஸ்ஏஇ எண். ‘டபிள்யூ’ என்பதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வாறு ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் இன்ஜின் சூடேறிய நிலையில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கின்றன. குறிப்பிட்டதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் இன்ஜின் கூடுதலாக உழைக்க நேரும், எரிபொருளும் வீணாகும். மிக இளகிய ஆயிலோ, கடும் வெப்பத்தில் உலோகப் பகுதிகளுக்குப் போதிய பாதுகாப்பைத் தராது.

இரண்டாவது, எஸ்எல், எஸ்என் போன்ற ஏபிஐ தரக் குறியீடு. இது தேய்மானம், கசடு ஆகியவற்றைத் தடுக்கும் திறனைக் காட்டுவது.

மூன்றாவது, ஜாசோ குறியீடு. இருசக்கர வாகனங்களுக்கென ஜப்பானில் 1998ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தரம் இது. கிளட்ச் ஆயிலில் மூழ்கி இயங்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு எம்ஏ அல்லது எம்ஏ2 வகை ஏற்றது. கிளட்ச் தனியே உலர்ந்த நிலையில் இயங்கும் கியரற்ற ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு எம்பி வகை பரிந்துரைக்கப்படுகிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் மிகுந்த கார் ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். விலை உயர்ந்ததாயினும் பொருந்தாத ஆயில் இவ்வாறு கேட்டையே விளைவிக்கும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு வண்டி ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தருவதாகவும் கொள்வோம். தேவைப்படும் பெட்ரோல் 240 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் எனில் ஆண்டுச் செலவு 24,000 ரூபாய். 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு லிட்டர் ஆயில் மாற்றுகிறோம் எனவும், புதிய ஆயில் 300 ரூபாய் கூடுதல் விலையுடையது எனவும் கொண்டால், ஆண்டுக்கு 900 ரூபாய் அதிகமாகும். அத்தொகையை ஈடுகட்ட 9 லிட்டர் பெட்ரோல் மிச்சமாக வேண்டும். அதாவது 50 கிலோமீட்டர் தந்த வண்டி ஏறத்தாழ 52 கிலோமீட்டர் தர வேண்டும். ஒரே தரக் குறியீடுகளைக் கொண்ட இரு ஆயில்களுக்கிடையே இவ்வளவு வேறுபாட்டை எதிர்பார்ப்பதற்கில்லை. சக்கரங்களின் காற்றழுத்தத்தையும் சங்கிலியையும் முறையாகப் பராமரித்தாலே, பெரிய செலவின்றி எரிபொருள் வீணாவதைத் தடுக்கலாம்.

அவ்வாறாயின் விலை உயர்ந்த சின்தெடிக் ஆயிலால் பயனே இல்லையா? உண்டு. அது வெப்பத்தைத் தாங்கி நெடுநேரம் தன் தன்மையைக் காக்கும். கடுங்குளிரிலும் விரைவாக ஓடும். ஆற்றல் மிகுந்த இன்ஜின்களுக்கும், நெடுந்தொலைவுப் பயணங்களுக்கும் அது பொருத்தமானது. அன்றாடம் அலுவலகம் சென்று திரும்பும் சிறு வண்டிக்குக் கையேட்டில் குறிப்பிட்ட சாதாரண ஆயிலே போதும்.

நாம் செய்ய வேண்டியவை

வாகனத்தின் கையேட்டில் உள்ள குறியீடுகளையே பின்பற்றுவோம். குறிப்பிட்ட கிலோமீட்டரில், அல்லது குறிப்பிட்ட மாதங்களில், எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்றுவோம். இடையிடையே அளவையும் பார்ப்போம். முத்திரையிட்ட டப்பாவை நம் முன்னிலையில் திறக்கச் சொல்வோம். காலி டப்பாவில் போலி ஆயில் நிரப்பப்படாதிருக்க அதனைச் சிதைத்துவிடச் செய்வோம். ரசீதைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்போம்; உத்தரவாதக் காலத்தில் இன்ஜின் பழுதுபட்டால் அது சான்றாக உதவும்.

கம்பெனியை மாற்றுவதில் தவறில்லை. தரக் குறியீடுகள் ஒத்திருந்தால் போதும். ஆனால் உரிய காலத்தில் மாற்றாமல் விட்ட ஆயிலுக்கு எந்தப் பெயரும் ஈடாகாது. கடன் தவணைகள் முடிந்த பின்னரும் வண்டி பல்லாண்டு நமக்கு உழைப்பதும், விற்கும் நாளில் நல்ல விலை பெறுவதும் அந்த ஒழுங்கைப் பொறுத்தவையே.