சீட்டுக்கு எத்தனை நாழிகை?

புதிதாகப் போக்கர் பழகும் ஒருவன் நாள்தோறும் எத்தனை நேரத்தை அதற்குக் கொடுக்கலாம் என்னும் கேள்வி, திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே, மணிலாக் கொல்லைகளும் கரும்புத் தோட்டங்களும் சூழ அமைந்த கீழ்பென்னாத்தூரில் எழுவதற்கு நியாயமே இல்லை என்று பட்டணவாசிகள் கருதலாம். ஆயினும், கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் ஜோதியை ஊரிலிருந்தபடியே தரிசிக்கும் பாக்கியம் பெற்ற இவ்வட்டாரத்து வாலிபர்கள், பாட்டனார் காலத்தில் திண்ணையில் நடந்த ரம்மியையும் மங்காத்தாவையும் மூன்று சீட்டையும் விட்டு, எந்தத் தேசத்து மூலையிலோ இருக்கும் முகமறியாத மனிதரோடு கைப்பேசியில் சீட்டாடும் காலம் வந்துவிட்ட பிறகு, இக்கேள்வியை நகரத்துக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவிட இயலாது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம் போதும். அது காசு வைக்காத ஆட்டமாக இருக்க வேண்டும். இராப்போஜனத்துக்கு முன்னால் முடிந்துவிடவும் வேண்டும். இந்த மூன்றில் பணத்தைப் பற்றியே எல்லோரும் சர்ச்சை செய்கிறார்கள். எனக்கோ மூன்றாவது நிபந்தனையே பிரதானமாகப் படுகிறது.

சட்டத்தின் கதை வாசகர்கள் அறிந்ததே. 2021 ஆகஸ்டில், இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்த தமிழ்நாட்டுச் சட்டம் உயர் நீதிமன்றத்தில் செல்லாமற் போனதையும், அதன்பின் இயற்றப்பட்ட புதிய சட்டத்தை ஆராய்ந்த அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடப்படுபவையே என்று கூறியதையும் இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கையே புறத்தே தள்ளிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் அதை நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டென்று விதித்தது. ஆடுகிறவனை அது தண்டிக்க முற்படவில்லை. ஆகவே, சட்டத்துக்கு உட்பட்டு நடக்க விரும்பும் மாணாக்கனுக்கு எஞ்சியிருப்பது, வெறும் சில்லுகளை வைத்து ஆடும் இலவச ஆட்டம் ஒன்றே.

பணம் விலகியதும் ஆபத்தும் விலகிவிட்டதென்று பெற்றோர் ஆறுதலடைவது இயற்கை. ஆனால் பணம் என்பது, குடியைக் கெடுத்த போதிலும், ஒரேயொரு உபகாரத்தைச் செய்துகொண்டிருந்தது, அது தீர்ந்துபோகும். பை காலியானவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எழுந்து வீடு போய்ச் சேர்ந்தான். இலவசச் சில்லுகளோ தீர்ந்தவுடன் மறுபடியும் வந்து நிற்கின்றன. இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு வருகின்றன. ஆட்டத்தை முடித்துவைக்க இனி ஆடுபவனுடைய சித்தத்தைத் தவிர வேறொரு சக்தியும் இல்லை என்னும்போது, எத்தனை நேரம் என்ற கேள்வி முன்னைக் காட்டிலும் கூர்மையடைகிறது.

48 நிமிஷம் என்ற கணக்கு எப்படி வந்தது? நேரில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவோர் மணிக்கு இருபத்தைந்து முப்பது ஆட்டங்களுக்கு மேல் ஆட முடியாது. சீட்டைக் கலைத்துப் போடவும், பேசவும், சிரிக்கவும், தேநீர் அருந்தவும் அவகாசம் வேண்டுமல்லவா? இணையத்திலோ கலைக்கும் வேலையை யந்திரம் செய்துவிடுவதால், ஒரே மேசையில் மணிக்கு எழுபது ஆட்டம் சாதாரணமாக ஓடும். இரண்டு நாழிகையில் ஐம்பத்தாறு ஆட்டங்கள். ஒவ்வொருவனுக்கும் இரண்டு சீட்டு, நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு என்ற முறையில் நடைபெறும் இவ்வாட்டத்தில், கைக்கு முதலில் வரக்கூடிய இரட்டைகள் 1,326. அவற்றுள் சிரேஷ்டமானதாகிய இரண்டு ஏஸ் சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறையே வரும். அதாவது நம்முடைய மாணாக்கன் நாலு நாளைக்கு ஒரு தரம் அதன் முகத்தைக் காண்பான். அப்படித் தவமிருந்து பெற்ற ஏஸ் ஜோடியும், எதிரி கையில் ராஜா ஜோடி இருக்குமாயின், ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை தோற்றுப்போகிறது. சரியாக ஆடியவன் தோற்பதும் தவறாக ஆடியவன் ஜயிப்பதும் அன்றாட நிகழ்ச்சிகளாக உள்ள இக்கலையில், இன்றைய ஜயத்தைக் கொண்டு தன் திறமையை மதிப்பிடுவது, சித்திரையில் பெய்த ஒரு மழையைக் கண்டு அவ்வருஷத்து மணிலா மகசூலை மூட்டைக் கணக்கில் சொல்லிவிடுவதற்குச் சமானம்.

கணிதம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. நூறு ஆட்டத்துக்குக் கட்டாயப் பந்தயத்தைப் போல ஐந்து மடங்கு லாபம் காண்பவனை நல்ல ஆட்டக்காரன் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதே நூறு ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தால் நேரும் ஏற்ற இறக்கமோ தொண்ணூறு மடங்கு அளவில் நிற்கிறது. இதன் பலன் என்னவெனில், பத்தாயிரம் ஆட்டம் ஆடி முடித்த பின்னரும் அத்தகைய நல்ல ஆட்டக்காரன் நஷ்டத்தில் நிற்பதற்குப் பத்துக்கு மூன்று பங்கு இடமுண்டு. நாளொன்றுக்கு இரண்டு நாழிகை வீதம் ஆடுகிறவன் பத்தாயிரத்தை எட்ட ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் வெறும் அப்பியாச காலம். அதற்குள் தன்னை நிபுணன் என்றோ மூடன் என்றோ எண்ணிக்கொள்ள அவனுக்கு அதிகாரமில்லை. பொறுமையற்றவன் இந்தப் பத்தாயிரத்தை ஒரே மாதத்தில் முடிக்க நினைத்தால், நாள்தோறும் நாலே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். இதைக் கணக்குப் போட்ட மாத்திரத்தில் என் மனத்தில் எழுந்த கேள்வி, அந்த நாலே முக்கால் மணி நேரத்தை அவன் எங்கிருந்து எடுப்பான் என்பதே.

சதுரங்கத்தைப் போலவே போக்கரும் புத்தியைத் தீட்டும் என்றும், உழைத்துக் களைத்தவன் எதில் பொழுது போக்கினாலென்ன என்றும் வாதிப்போர் உளர்; அவர்கள் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் பகற்பொழுதை மனத்திற் கொண்டு பேசுகிறார்கள். ஆட்டமோ இரவில் நடக்கிறது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிருஹஸ்தனுடைய பகலில் நாலே முக்கால் மணி நேரம் சும்மா கிடப்பதில்லை. விடியுமுன் மாடு கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும், பிறகு கொல்லை, பிறகு வேலைக்கோ கல்லூரிக்கோ திருவண்ணாமலைக்குப் பஸ், மாலையில் மறுபடியும் பால். ஆகவே புதிய வித்தை எதுவாயினும், அது நித்திரையிலிருந்தே தன் பங்கை அறுத்துக்கொள்கிறது. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டார் கொட்டகையில் காவலிருக்கும் பிள்ளைக்கு, மடை மாற்றும் வேளை வரும்வரையில் துணையாக இருப்பது கைப்பேசி ஒன்றே. போட்டிப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி விளக்கெரிய உட்கார்ந்திருக்கும் பிள்ளையும், புத்தகத்தின் மேல் அதையே வைத்திருக்கக் கூடும். பகலில் ஆடினால் தாய் கேட்பாள், தம்பி எட்டிப் பார்ப்பான், பக்கத்து வீட்டுப் பெரியவர் கனைப்பார். இரவு இரண்டாம் ஜாமத்துக்கு மேல் தடுப்பார் ஒருவருமில்லை.

இந்தக் கவலையை மிகையென்று எண்ணுவோர், இவ்வட்டாரத்து மக்கள் பல தலைமுறைகளாகச் சூதாட்டத்தை இரவில் எப்படிப் பார்த்து வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் தெருக்கூத்துமாக நாட்கள் நடந்து, பகடை துகில் என்னும் கூத்தன்று ஊரே கண்விழித்து உட்கார்ந்திருக்கும். தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் பாரியையும் வரிசையாகப் பணயம் வைத்துத் தோற்பதை, பெண்களும் குழந்தைகளும் கிழவரும் ஒரே சபையாகக் கூடி, பொழுது விடியுமட்டும் கண்டு கலங்கினார்கள். அங்கே விழித்திருந்தது ஊர். தோற்றவர் அரிதாரம் பூசிய ஒருவர். இங்கேயோ ஊர் உறங்குகிறது. ஒருவன் மாத்திரம் போர்வைக்குள் விழித்திருந்து தானே தோற்கிறான், அதைக் கண்டு கலங்க ஒரு ஜீவனுமில்லை.

இரவின் விசேஷ அபாயத்தை ஆட்சியாளரும் ஒருவாறு உணர்ந்தே இருந்தனர். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் வெளியான ஒழுங்குமுறை விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தில் எவரும் நுழையலாகாதென்று கதவை அடைத்தன. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுகிறவனுக்கு அரை மணிக்கொரு முறை எச்சரிக்கை காட்ட வேண்டுமென்றும் கூறின. 2025 ஜூன் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லுமென்றது. தென் கொரிய தேசமும் 2011இல் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் ஆறு மணி வரை இணைய விளையாட்டுகளில் இறங்கலாகாதென்று சட்டம் செய்து, பத்து வருஷத்துக்குப் பின் அதைக் கைவிட்டது. கைப்பேசி ஆட்டங்கள் பெருகிய காலத்தில், கணினியை மனத்திற் கொண்டு செய்த சட்டம் பொருந்தாமற் போயிற்று.

நம்முடைய விதியில் எனக்குள்ள குறை, அது கடுமையானதென்பதன்று. கடிகாரத்தைப் பட்டணத்து வழக்கப்படி வைத்தது என்பதே. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவனுடைய நிலைக்குச் சரியாகத் தாழ்ந்துவிடுகிறதென்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. காலை எட்டு மணிக்கு எழும் நகரவாசிக்கு அந்தப் பதினேழாவது மணி நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கு வருகிறது. ஐந்து மணிக்கு மாட்டைக் கறக்க எழுந்த கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைக்கோ அது இரவு பத்து மணிக்கே வந்துவிடுகிறது. பத்து மணிக்கு மேல் அவன் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் மதுமயக்கத்தில் ஆடியதற்கு ஒப்பானது; கற்றதாக அவன் நினைப்பதெல்லாம் பிழையை அப்பியசித்ததே. காசு போகவில்லையே என்று அவன் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மறுநாட் காலை பால் பாத்திரத்தோடு தள்ளாடும்போது போனது இன்னதென்று தெரியும்.

பழைய நூல்களும் இந்தக் காலக் கணக்கை மறக்கவில்லை. திருக்குறளில் சூதுக்கென்று ஒதுக்கிய தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தில் பொருள் இழப்பைப் பற்றிய குறள்களே பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால் அதன் ஏழாம் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், பிற நல்ல காரியங்களுக்கு உரிய காலம் சூதாடு களத்தில் கழிவதையே கேட்டுக்குக் காரணமாகக் காட்டுகிறார். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள சூதாடியின் புலம்பலோ, கடைசியில் அவனை நோக்கி, காயை உருட்டாதே, வயலை உழு என்று புத்தி சொல்கிறது. இரண்டும் வேறு வேறு பாஷையில் வேறு வேறு காலத்தில் எழுந்தவை. இரண்டிலும் சூதாடியின் கண்முன் நிறுத்தப்படுவது அவன் செய்யாமல் விட்ட வேலையே.

ஆகையால் கற்க விரும்புகிறவன் கற்கட்டும். மாலைப் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு இரண்டு நாழிகை, வீட்டார் நடமாடும் கூடத்தில், ஒரே மேசையில், வெறும் சில்லை வைத்து ஆடட்டும். வாரத்தில் ஒரு நாள் ஆடாமல், அவ்வாரம் தோற்ற ஆட்டங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஆராயட்டும். பத்தாயிரம் ஆட்டம் முடிந்த பின்னும் சிரத்தை குன்றாதிருந்தால், அப்போது தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வரட்டும். கைப்பேசி இரவில் கூடத்திலேயே மின்னேற்றம் ஆகட்டும். மோட்டார் கொட்டகைக்குப் போகிறவன் பேச மட்டும் உதவும் பழைய பொத்தான் செல்போனை எடுத்துச் செல்லட்டும்.

சட்டம் இயற்றுவோரிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. பணத்தாட்டத்துக்கு அடைத்த இரவுக் கதவை இலவச ஆட்டத்துக்கும் அடைக்க வேண்டும். அதை நள்ளிரவுக்கென்று வைக்காமல், விடியற்காலையில் எழுந்து உழைக்கும் ஊர்களின் கடிகாரத்தை அனுசரித்து, பத்து மணிக்கே அடைக்க வேண்டும்.