சர்வீஸ் மேசையில் இன்னொரு கணினி

"டிஸ்ப்ளே வரல." சர்வீஸ் கடைக்கு வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு சொற்களோடுதான் வந்து சேர்கின்றன. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. கோளாறு ராமிலா, டிஸ்ப்ளே கேபிளிலா, மதர்போர்டிலா? ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பது பழைய வழி. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஃபோனை எடுப்பது நல்ல வழி. உயிரில்லாத கணினிக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கும் ஒரே கணினி அதுதான். கேமரா, மைக், காந்த உணரி, டார்ச், இன்டர்நெட் என்று மேசையில் கிடக்கும் எந்தக் கருவியிலும் சேர்ந்தாற்போல் கிடைக்காத அத்தனையும் அதில் இருக்கின்றன.

முதலில் டார்ச். திரைக்கு மிக அருகே, சாய்வாக வெளிச்சத்தை அடித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் படமோ எழுத்தோ நிழல்போல மங்கலாகத் தெரிந்தால் மதர்போர்டும் ராமும் வேலை செய்கின்றன, போனது பேக்லைட் மட்டும்தான் என்று அர்த்தம். கேபிளையோ பேக்லைட்டுக்குப் போகும் ஃப்யூஸையோ பார்த்தால் போதும். எந்தச் செயலியும் தேவையில்லாத இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் மதர்போர்டு மாற்றும் செலவிலிருந்து வாடிக்கையாளரைக் காப்பாற்றும்.

அடுத்தது ஸ்லோ மோஷன் வீடியோ. டெல் லேப்டாப்புகள் பலவற்றில் கோளாறு இருந்தால் பேட்டரி விளக்கு மஞ்சளும் வெள்ளையுமாக மாறி மாறிச் சிமிட்டும். மஞ்சள் 2 முறை, வெள்ளை 1 முறை என்றால் ப்ராசஸர். 2, 3 என்றால் ராமே இல்லை. 2, 4 என்றால் ராம் இருக்கிறது, ஆனால் பழுது. 3, 1 என்றால் சிமாஸ் பேட்டரி. வெறுங்கண்ணால் எண்ணும்போது எங்கே ஒரு சுற்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று குழப்பம் வரும். வீடியோவாக எடுத்து மெதுவாக ஓட்டினால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். எந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்பது மாடலுக்கு மாடல் மாறுவதால், அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். லெனோவா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் திங்க்பேட் வகைகள் பலவற்றில், கணினி எழும்பாமல் நின்றுவிட்டால் சின்ன இசைத்துணுக்கு ஒன்று ஒலிக்கும். லெனோவா பிசி டயக்னோஸ்டிக்ஸ் செயலியைத் திறந்து மைக்கைக் காட்டினால், அது அந்த ஒலியைக் கேட்டுப் பிழை எண்ணைத் திரையில் காட்டிவிடும். பெட்டியைத் திறக்காமலே பாதி வேலை முடிந்தது.

காந்த உணரியின் பயன் பலருக்குத் தெரிவதில்லை. லேப்டாப் மூடியின் விளிம்பில் ஒரு சிறு காந்தமும், கீழே அதற்கு நேராக ஹால் சென்ஸரும் இருக்கும். மூடியை மூடும்போது திரையை அணைப்பது இந்த ஜோடிதான். சென்ஸர் பழுதானாலும், காந்த மூடி வைத்த ஃபோன் கவர் ஒன்று கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்தாலும், லேப்டாப் தன்னை மூடிவிட்டதாக நினைத்து அணைந்துவிடும். 'டைப் பண்ணிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆகுது' என்று வரும் புகார்களில் சில இப்படிப்பட்டவை. மெட்டல் டிடெக்டர் என்ற பெயரில் கிடைக்கும் செயலிகள் எல்லாம் ஃபோனின் காந்த உணரியைத்தான் படிக்கின்றன. அதை மூடியின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், எண் எகிறும் இடத்தில் காந்தம் இருக்கிறது. சென்ஸர் எங்கே இருக்கும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கணினி எழும்புகிறது, ஆனால் நீலத்திரையில் நிற்கிறது என்றால் கதை வேறு. 2016 முதல் விண்டோஸ் நீலத்திரையில் க்யூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்தால் பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் போகும், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கீழே எழுதியிருக்கும் ஸ்டாப் கோடுதான் முக்கியம். திரை சில நொடிகளில் மறைந்துவிடும் என்பதால் உடனே ஒரு படம் எடுத்து, கூகுள் லென்ஸில் எழுத்தை நகலெடுத்துத் தேடுவது நல்லது. லேப்டாப்பின் அடியில் தேய்ந்துபோன சீரியல் நம்பருக்கும் இதே வழிதான். டெல் சர்வீஸ் டேக் ஏழே எழுத்து. அதைக் கொண்டு வாரன்டியையும், ஆலையிலிருந்து வந்தபோது உள்ளே என்ன ராம், என்ன டிஸ்க் இருந்தது என்பதையும் பார்த்துவிடலாம்.

நீலத்திரையில் பிட்லாக்கர் கீ கேட்டால் பதற்றம் தொடங்கும். 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்து விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. மதர்போர்டை மாற்றினாலோ பயாஸை அப்டேட் செய்தாலோ அந்தப் பூட்டு விழித்துக்கொள்ளும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. சரிசெய்யும் வழி சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பல அலுவலகங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு இயந்திரமாகப் போய் நின்று இந்த 48 இலக்கத்தை அடிக்க வேண்டியிருந்தது. கீ பெரும்பாலும் வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். அவருடைய ஃபோனில், அவரே லாகின் செய்து, எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். நம் ஃபோனில் அவருடைய பாஸ்வேர்டை வாங்கி அடிப்பது கூடாது. பயாஸைத் தொடுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

புதிதாக விண்டோஸ் போட்டாயிற்று. வைஃபை டிரைவர் இல்லை, லேன் டிரைவரும் இல்லை, டிரைவர் இறக்க இன்டர்நெட்டும் இல்லை. இந்தச் சிக்கலுக்கு ஆண்ட்ராய்டு ஃபோனில் இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கைவிடச் சிறந்த கருவி கிடையாது. சார்ஜர் கேபிளால் இணைத்து, செட்டிங்ஸில் அதை ஆன் செய்தால் விண்டோஸ் ஃபோனை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். ஃபோன் கடை வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பே உள்ளே போகும், மொபைல் டேட்டாவும் செலவாகாது. ஐஃபோனில் இதற்குத் தனி டிரைவர் வேண்டியிருப்பதால் இந்த வேலைக்கு அது தோதுப்படாது.

பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் என்று யாராவது வந்தால், கணினியில் செருகுவதற்கு முன்னால் ஓடிஜி கேபிள் வழியாக ஆண்ட்ராய்டு ஃபோனில் செருகிப் பாருங்கள். விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் ஃபோனில் ஓடாது. அது மறைத்து வைத்த கோப்புகள் அங்கே பளிச்சென்று தெரியும், ஏனென்றால் விண்டோஸின் 'ஹிட்டன்' அடையாளத்தை ஆண்ட்ராய்டு பொருட்படுத்துவதில்லை. கல்யாண ஆல்பமும் பிராஜக்ட் ரிப்போர்ட்டும் அழிந்துபோய்விட்டன என்று கலங்கி நிற்பவரிடம் அவற்றை அந்த இடத்திலேயே திறந்து காட்டலாம். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவைப் பல ஃபோன்கள் படிக்காது என்பது ஒன்றுதான் குறை.

நெட்வொர்க் வேலைக்கு இரண்டே செயலிகள் போதும். வைஃபை அனலைசர், பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று காட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அடுக்குமாடியில் எல்லாரும் 6-ல் இருந்தால் நாம் 11-க்குப் போகலாம். ஃபிங், நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் தரும். பிரின்டரின் ஐபி மாறிவிட்டதால் 'பிரின்ட் வரல' என்று வரும் அலுவலகப் புகார்கள் ஏராளம், அவற்றை இது நொடியில் தீர்க்கும்.

போர்டு வேலை செய்பவர்களுக்கு எலெக்ட்ரோடாக் என்ற செயலி ஒரு கையேடு. ரெசிஸ்டர் நிறக் குறி, 103 என்றால் 10 கிலோ ஓம், கனெக்டர்களின் பின் வரிசை என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லாதவை அதில் இருக்கின்றன. டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் சப்ளை ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்பதும் இதைப் போன்ற தகவல்தான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியையே திறப்பதாக இருந்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சப்ளையின் பெரிய கபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அப்படியே இருக்கலாம். ஷார்ட் தேட ஃபோனில் செருகும் தெர்மல் கேமராக்கள் வந்துவிட்டன, வசதி இருப்பவர்கள் வாங்கலாம். வசதி இல்லையென்றால் போர்டில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தடவி, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்த்தாலே சூடாகும் பாகம் தெரிந்துவிடும்.

ராம் பூஸ்டர், கூலிங் மாஸ்டர் வகையறாக்களை இறக்கவே வேண்டாம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தொலைவிலிருந்து சரிசெய்ய உதவும் உண்மையான கருவிகள். ஆனால் எனிடெஸ்க்கை வைத்து வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. வாடிக்கையாளரின் ஃபோனில் இவற்றைப் போட்டுக்கொடுத்தால், வேலை முடிந்ததும் நாமே முன்னின்று நீக்கச் சொல்ல வேண்டும்.

வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பது எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், கண்காணிப்பு மென்பொருள் போட்ட லேப்டாப்புகளைக் கடைகளில் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். ஆறு கடைகளில் ஊழியர்கள் சொந்தப் படங்களையும் கோப்புகளையும் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு கடைகளில் நகலும் எடுத்திருந்தார்கள். நம்மூரில் நம்பிக்கையோடு பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கழற்றும் முன் எடுக்கும் படம், கீறல்களுக்கான சாட்சிப் படம், ஸ்க்ரூ வரிசையின் படம் எல்லாமே நல்ல பழக்கங்கள்தான். ஆனால் அந்தத் துண்டுச்சீட்டும் சேர்ந்து படமாகி, கூகுள் ஃபோட்டோஸ் வழியாக வீட்டு டேப்லெட் வரை போய்ச் சேரும்.

அதனால் கடைக்கென்று தனி ஃபோன் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஒதுக்கிப்போட்ட பழைய ஆண்ட்ராய்டே போதும், சொல்லப்போனால் பழையதுதான் மேல். ஆண்ட்ராய்டு 9 முதல் வைஃபை ஸ்கேனை இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறை என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். ஃபிங் காட்டும் எம்ஏசி முகவரிகளும் புதிய பதிப்புகளில் மறைந்துவிட்டன. ஆண்ட்ராய்டு 8-ல் இந்தத் தடைகள் இல்லை. சிம் வேண்டாம், சொந்த ஜிமெயில் வேண்டாம், படங்கள் தானாக மேலே ஏறும் வசதியை அணைத்துவிடலாம். செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன ஃபோன் என்பதால் ஜிபே, வங்கிச் செயலி எதையும் அதில் ஏற்றக் கூடாது. லேப்டாப்பை வாடிக்கையாளர் வாங்கிப் போய், ஒரு வாரம் குறை சொல்லாமல் ஓடினால், அந்த வேலைக்கான படங்களை அதிலிருந்து அழித்துவிடலாம்.