குளிர்ப்பெட்டியில் உறங்கும் இரை

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு வீட்டிற்கு விருந்தினராகச் செல்கின்றீர்கள். அடுக்களையிலுள்ள குளிர்ப்பெட்டியைத் திறந்தால், பட்டாணிப் பொதிக்கும் ஐஸ்கிறீமுக்கும் அருகே, பொலித்தீன் பையொன்றில் சில வெள்ளைச் சுண்டெலிகள் கல்லாய் உறைந்து கிடக்கின்றன! திடுக்கிட வேண்டாம். அவை அவ்வீட்டுப் பிள்ளை வளர்க்கும் பாம்பின் உணவு.

நாய், பூனை, கிளி ஆகியவற்றைப் போலப் பாம்பையும் வளர்ப்போர் மேல்நாடுகளில் பலர். அவர்கள் பெரிதும் விரும்புவன இரண்டு. ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய சோளப் பாம்பு. நம் சாரையைப் போல எலி தின்னும் நஞ்சற்ற பிராணி. மற்றையது, அச்சமுற்றால் தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆபிரிக்கப் பந்து மலைப்பாம்பு. பாம்புக்குப் பால் வார்ப்பது நம்மவர் வழக்கம். ஆயினும் பால் பாம்பின் இயல்பான உணவன்று. இவ்விரண்டிற்கும் வேண்டியது முழு எலியே. அதனை உயிரோடு கொடுப்பதா, இறந்தபின் கொடுப்பதா என்பதே வினா.

உயிருள்ள எலி ஏன் ஆகாது?

“காட்டில் உயிருள்ள எலியைத்தானே பாம்பு பிடிக்கிறது? அதுவன்றோ இயற்கை!” என்று கேட்கலாம். காட்டில் எலிக்கு ஓட இடமுண்டு. பாம்புக்கும் விலகிச் செல்ல வழியுண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டிற்கும் வழியில்லை. பசியற்ற பாம்பு சுருண்டு கிடக்கும். கூடவே விடப்பட்ட எலியோ பசியாலும் அச்சத்தாலும் கொறிக்கத் தொடங்கும். கையும் காலும் இல்லாத பாம்பால் அதனைத் தள்ளிவிடவும் இயலாது. இரவு எலியை விட்டுவிட்டு உறங்கச் சென்றவர்கள், காலையில் முதுகுச் சதை கிழிந்த பாம்பைக் கண்டதுண்டு. வேட்டையாட வேண்டியதே வேட்டையாடப்படுகின்றது.

எலியின் துயரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உணவுக்கென வளர்க்கப்படும் எலிகள் பெரும்பாலும் கரியமில வாயுவால் கொல்லப்பட்டு, பின்னர் உறையவைத்து விற்கப்படுகின்றன. பாம்பை வளர்ப்பவர் எலியின் மரணத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால், தப்ப வழியற்ற பெட்டிக்குள் அது நடுங்கி நிற்கும் அந்த நேரத்தைத் தவிர்க்க முடியும். வேட்டையைக் காண ஆவலுறும் பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லவேண்டியது இதுவே: உணவூட்டல் கடமை, வேடிக்கையன்று.

உருக்கும் முறை

எலியின் பருமன், பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியின் பருமனை ஒத்திருத்தல் நன்று. முட்டையினின்று வெளிவந்த சோளப் பாம்புக்கு உரோமம் முளையாத எலிக்குஞ்சே போதும். குட்டிப் பாம்புக்கு ஏறத்தாழ வாரம் ஒருமுறையும், வளர்ந்ததற்குப் பத்துப் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறையும் இரை அளிக்கின்றனர்.

முதல்நாள் இரவே எலியை உறைபெட்டியினின்று எடுத்து, மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மெல்ல உருகும். பின்னர், நீர் புகாத பையிலிட்டுச் சுடுநீரில் சிறிது நேரம் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். கொதிநீர் ஆகாது, அது இறைச்சியை அவித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் ஆகாது. ஒருபுறம் வெந்து மறுபுறம் உறைந்திருக்கும், வயிறு வெடிப்பதுமுண்டு. எலியின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே கட்டியாக எதுவும் இல்லையென உறுதிசெய்தபின்பே கொடுத்தல் வேண்டும். ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைத்தல் கூடாது.

கையால் நீட்டுதல் அறிவீனம். நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து, பாம்பின் முன் மெல்ல அசைத்தால், உயிருள்ளதென எண்ணிப் பாய்ந்து பற்றிச் சுற்றி இறுக்கும். உண்டபின் இரண்டு நாட்களுக்கு அதனைத் தூக்கலாகாது. தூக்கினால் இரையைக் கக்கிவிடக்கூடும். பாம்பின் உடற்சூடு சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. ஆகையால், பெட்டியின் ஒருபுறம் வெப்பமாக இராவிடின் இரை செரிப்பதும் தடைப்படும்.

உண்ண மறுத்தால்?

உயிருள்ள எலிக்குப் பழகிய பாம்பு இறந்ததை ஏறெடுத்தும் பாராதிருக்கலாம். பந்து மலைப்பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் உண்டு. குளிர்ந்த எலி அதற்கு இரையாகத் தோன்றாது. எனவே எலியின் தலைப்பகுதியைச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கி, மாலையில் விளக்கைத் தணித்து நீட்டிப் பார்க்கலாம். சோளப் பாம்புக்கு அக்குழிகள் இல்லை. நாவினால் அள்ளும் மணமே அதற்கு வழிகாட்டி. அப்போதும் மறுத்தால், எலியைப் பாம்பின் மறைவிடத்தருகே வைத்துவிட்டு அகல்வர். காலையில் எஞ்சியிருந்தால் அகற்றிவிடுவர். உடல்நலமுள்ள வளர்ந்த மலைப்பாம்பு பல வாரம் உண்ணாதிருந்தும் நலங்குன்றாதிருப்பதுண்டு. மெலிந்தாலோ, வாய் புண்பட்டாலோ மிருக வைத்தியரை நாடுதலே முறை.

பிள்ளைகள் உள்ள வீடு

முதலில் கண்ட குளிர்ப்பெட்டிக்கு மீள்வோம். பட்டாணியும் எலியும் அருகருகே கிடந்தனவே, அது பெருந்தவறு. உறைதலால் சல்மனெல்லா என்னும் நோய்க்கிருமி அழிந்துவிடுவதில்லை. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பல மாநிலங்களில் மக்கள் இந்நோயால் வருந்தியபோது, அதற்கு மூலம் பாம்புகளுக்கென விற்ற உறைந்த எலிகளே எனக் கண்டறிந்தனர். ஆகவே எலிக்குத் தனிப்பெட்டி, தனிப்பாத்திரம், தனி இடுக்கி வேண்டும். அடுக்களைத் தொட்டியில் அவற்றைக் கழுவுதல் கூடாது. தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வளர்ப்பதே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையத்தின் அறிவுரை.

ஓர் உயிரை வீட்டில் அடைத்து வைப்பவர், அதன் பசிக்கு மட்டுமன்றி, அப்பசிக்கு இரையாகும் உயிருக்கும், உடனுறையும் தம் மக்களுக்கும் பொறுப்பாளியாகின்றார். இம்மூன்றையும் ஏற்க மனமில்லாதவர் பாம்பைப் புத்தகத்திலே பார்த்து மகிழ்வதே நன்று.