ஏற்றத்தில் சுற்றாத ஃபேன்

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் எங்கேனும் ஒரு வண்டி பானெட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "மலை ஏத்தம்னா ஹீட் ஆகத்தான் செய்யும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரேடியேட்டரும் ஃபேனும் ஒழுங்காக இருக்கும் வண்டி கொதிக்காமல் மேலே வந்து சேரும்.

சமவெளியில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். ஃபேனுக்கு அதிகம் வேலை இல்லை. வளைவில் முதல் கியரில் முக்கி ஏறும்போது எஞ்சின் சூடு கூடுகிறது, எதிர்க்காற்றோ இல்லை. ஏற்காட்டில் கிளியூர் பக்கத்து மண் பாதையில் ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர வண்டியை ஓட்டினால் இன்னும் மோசம்: ஆள் நடக்கும் வேகம், முழு பாரம். அங்கே ஃபேன் தரும் காற்றை நம்பித்தான் எஞ்சின் இருக்கிறது.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடிக்குள் அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், அத்தனையும் ஒரே நொடியில் முகத்தில் பாயும். அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

ஆறியதும் முதலில் பார்க்க வேண்டியது கூலண்ட் அளவு. ஃபேனை ஓடச் சொல்லும் சென்சார் கூலண்டில் மூழ்கியிருக்க வேண்டும். கூலண்ட் குறைந்தால் அதைச் சுற்றி வெறும் காற்றோ ஆவியோதான் இருக்கும். எஞ்சின் கொதித்தாலும் உண்மையான சூடு சென்சாருக்கு எட்டாது. ஃபேன் சும்மா நிற்கும். பழுது ஒழுகும் ஹோஸில் இருக்க, பழி ஃபேன் மோட்டாருக்குப் போகும். புது மோட்டார் மாட்டியும் அதே வளைவில் வண்டி நிற்பது இப்படித்தான்.

அளவு சரியாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். சாவி அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென ஓடும், அதற்காகத்தான் இந்த எச்சரிக்கை. இறுகியிருந்தால் சேறோ பேரிங்கோ காரணம். தாராளமாகச் சுற்றினால் ஒயரை மறுபடி மாட்டி, கரண்ட் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். ஃபியூஸைப் பாருங்கள். ரிலேயைக் கழற்றி, அதே வகை ஹார்ன் ரிலேயை மாட்டிப் பாருங்கள். அப்படியும் ஓடாவிட்டால் மோட்டார் பிளக்கைக் கழற்றி, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுங்கள். ஓடினால் மோட்டார் நல்லது. சென்சார், ஒயர், எர்த் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் எர்த் இணைப்பு பச்சை பூத்துப்போவது சகஜம். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். நேரே கொடுத்தும் ஓடவில்லை என்றால்தான் மோட்டாரை மாற்றலாம்.

பழைய எஸ்டேட் ஜீப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. ஃபேனை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஃபேன் ஓடியும் சூடு குறையாவிட்டால் ரேடியேட்டர் முகப்பைப் பாருங்கள். சில்வர் ஓக் சருகும் செம்மண்ணும் தகடுகளுக்கிடையே அடைந்தால் காற்று நுழையாது. ஏ.டி.வி.யில் ரேடியேட்டர் முன்சக்கரச் சேறு தெறிக்கும் இடத்தில் இருப்பதால் இது அடிக்கடி நேரும். எஞ்சின் ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேரே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

சமீபத்தில் ஃபேனைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். காற்று உள்ளே இழுத்துத் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் மோட்டார் ஒயர் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.