பாசிக்குச் சட்டை கழற்றுகிறார்கள்!

குளத்துப் பாசியை நாம் வழித்து எறிகிறோம். ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்கு ராஜ உபசாரம்!

கிளாமிடோமோனாஸ் என்பது ஒரே அணுவாலான பச்சைப் பாசி. சுமார் நூறை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர். ஒவ்வோர் அணுவிலும் எந்த ஜீன்கள் வேலை செய்கின்றன என்று அறிய, உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வைத் தனித்தனியே எடுக்கவேண்டும். ஆனால் அணுவைச் சுற்றி உறுதியான ஓடு! லேசான சோப்புத் திரவத்துக்கு அது அசையாது.

அதைக் கழற்ற வழி பாசியிடமே இருக்கிறது. ‘கூட்டல்’, ‘கழித்தல்’ என்று அதில் இரண்டு பால். நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போட்டால் இரண்டும் கல்யாணத்துக்குத் தயாராகிவிடும். (பசியில் கல்யாணம்! வேடிக்கைதான்.) கலந்து விட்டதும், ஓட்டைக் கரைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நீரை வடித்து மற்றப் பாசிகளில் ஊற்றினால் அவற்றின் சட்டையும் கழன்றுவிடும்.

அதன்பின் முரட்டுக் கை கூடாது. ஓர் அணு முன்னதாக உடைந்தால், அதன் ஆர்.என்.ஏ. நீரில் கசிந்து அடுத்ததன் கணக்கில் ஏறிவிடும், முடிவு பொய்யாகும். மெதுவாகக் கழுவி, எண்ணிப் பார்த்து, எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிகளில், துளிக்கு ஒன்றுக்குமேல் புகாதபடி அடைக்கிறார்கள்.

2021-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓடுள்ள அணுக்களிலிருந்தும் ஆர்.என்.ஏ. கிடைத்தது. ஆக, குளத்துப் பாசியையும் நேரே பரிசோதிக்க வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு விந்தை: ஓயாத வெளிச்சத்தில், ஒரே குடுவையில் வளர்ந்தும், ஓர் அணுவுக்கு ஒரு பொழுது, மற்றதற்கு வேறு பொழுது!