புக்காரெஸ்ட் குழந்தைகள்

நாட்டின் ஜனத்தொகையைப் பெருக்கியே தீர வேண்டுமென்ற பிடிவாதத்தினால், ருமேனியாவை ஆண்ட நிக்கோலாய் சௌஷெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்ததன் விளைவாக, வளர்க்க வகையற்ற பெற்றோர் அரசாங்க விடுதிகளில் ஒப்படைத்த சிசுக்கள் பெருகிப் பெருகி, 1989 டிசம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேலாக இருந்தன. வேளைக்குப் பால் கிடைத்த விடுதிகளிலுங்கூட, அழுதால் வாரியெடுத்து அணைக்க ஒருவரும் வராமையால், பல குழந்தைகள் அழுவதையே மறந்திருந்தன.

அச்சமோ வேதனையோ நேரும்போது, சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரந்து தேகத்தை எச்சரிக்கின்றன. தாயின் ஸ்பரிசம் கிட்டியதும் குழந்தையிடம் அந்தக் கிளர்ச்சி தணியும். தணிப்பாரின்றி நாளெல்லாம் நீடிக்குமானால், அந்த ஏற்பாடே நிலைகுலைந்து, பிற்காலத்து மனோவியாதிகளுக்கு இடங்கொடுத்துவிடும்.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், புக்காரெஸ்ட் நகரத்து விடுதிகளில் ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரையிலான 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் சரிபாதியை வளர்ப்புக் குடும்பங்களிடம் சேர்ப்பித்தனர். மற்றப் பாதியை விடுதியிலேயே விடுவது தர்மமா என்று மனம் பதறுகிறது. வளர்ப்புக் குடும்பமென்பதே அரிதாயிருந்த அந்நகரில், எந்தக் குழந்தைக்கும் வேறு இல்லம் வாய்த்தால் தடுப்பதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டிருந்ததை அறிந்த பின்னரே சற்று ஆறுதல் உண்டாகிறது. நாலரை வயதில் பரிசோதித்தபோது, குடும்பங்களில் வளர்ந்தவர்களிடம் பீதி, மனச்சோர்வு முதலிய கோளாறுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. கவனச் சிதறலோ இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர்களுக்கு, பன்னிரண்டு வயதையொட்டி, கார்ட்டிசால் சுரப்பும் விடுதியையே அறியாத ஏனைய குழந்தைகளுக்கு இருப்பதைப் போன்றே அமைந்திருந்தது.

வயது வந்தோரின் சிகிச்சையையும் பால்யம் விடுவதில்லை. நெடுங்கால மனச்சோர்வால் வருந்திய 681 பேரை ஆராய்ந்து, சார்லஸ் நெமராஃபும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுபிராயத்தில் பெற்றோரை இழந்தோ, கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாகியோ வளர்ந்தவர்களுக்கு, மருந்து மட்டும் தருவதைவிட உரையாடல் வழியான உளச்சிகிச்சையே மிகுந்த பலனளித்தது. அங்கே பரிசோதிக்கப்பட்டது ஒரே ஒரு மருந்தாகையால், மாத்திரை உண்போர் எவரும் வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது. ஆனால் தூக்கத்தையும் பசியையும் விசாரிக்கும் வைத்தியர், அந்த நோயாளி யாரிடம், எவ்விதம் வளர்ந்தார் என்பதையும் பொறுமையாகக் கேட்டறிந்த பிறகே மருந்துச் சீட்டில் கை வைக்க வேண்டும். அதற்கு வேண்டிய அவகாசத்தை அவருக்கு அளிப்பது ஆஸ்பத்திரிகளை நடத்துவோரின் கடமை.