வீட்டுக்கு வெளிக்கிடமுன் வைஃபையை நிறுத்திப் பாருங்கள்

அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிற பிள்ளையோ கொழும்புக் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளையோ விடுமுறைக்கு முரசுமோட்டை வீட்டுக்கு வந்திருக்கிறது என்று வைப்போம். மாரிமழை. கரண்ட் போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் இல்லை. லப்டொப்பில் மூன்று மணிநேரச் சார்ஜ் இருக்கிறது; திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய வேலையும் இருக்கிறது. பில்ட் கொடுத்தால், ஏதோவொரு பொதியை இறக்க முடியவில்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அத்தோடு நின்றுவிடுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம்.

நாம் எழுதுகிற நிரல் கொஞ்சம்தான். மீதி மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகள். ஜாவாவுக்கு மேவன், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், பைதனுக்கு பிப் என்று ஒவ்வொரு கருவி அவற்றை இணையத்திலிருந்து இழுத்து வருகிறது. இணையம் இருந்தாலும் பொதி அங்கே இருக்கும் என்ற நிச்சயமில்லை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பாட் என்ற 11 வரிப் பொதியை எழுதியவரே என்பிஎம்மிலிருந்து நீக்கிவிட, உலகெங்கும் பில்ட்கள் விழுந்தன. சிறுபோகத்துக்கு இரணைமடு திறந்த பிறகு விதைநெல் தேடி ஓடுகிற கமக்காரர் எங்கள் பக்கம் இல்லை. பொதிகளையும் அப்படியே முன்கூட்டிச் சேர்த்து வைக்கவேண்டும்.

அதற்கு மேவனில் ‘கோ-ஓஃப்லைன்’ என்ற கட்டளை இருக்கிறது. அதை மட்டும் நம்பவேண்டாம். டெஸ்ட்களை ஓட்டுகிற ஷ்யூர்ஃபயர் தனக்கு வேண்டிய ஒரு துண்டை டெஸ்ட் ஓடும்போதுதான் தேடும். கட்டளை அதை எடுக்காமல் விட்டுவிடலாம். ஆகவே முதலில் டெஸ்ட்களோடு முழு பில்ட். பிறகு வைஃபையை நிறுத்தி, பழைய வெளியீட்டை அழித்துவிட்டு, ஓஃப்லைனில் இன்னொரு தடவை. அதுவும் ஓடினால் பஸ் ஏறலாம். பைதன்காரர் ‘பிப் டவுன்லோட்’ மூலம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கொண்டுபோக உரிமை உண்டா? எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் உரிமங்களில் வந்தவற்றைத் தாராளமாக நகலெடுக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். உரிமக் கோப்பு கூடவே போகவேண்டும். கம்பனியின் சொந்த லைப்ரரிகள் அப்படியல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு ஈமெயில் போதும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. மேவன் பொதிகளைச் சேர்த்து வைக்கிற ‘எம்2’ கோப்புறையிலேயே ‘செட்டிங்ஸ்’ கோப்பும் கிடக்கும். கம்பனி சேர்வரின் கடவுச்சொல் அதற்குள் இருக்கலாம். நண்பன் கேட்டான் என்று முழுக் கோப்புறையையும் பென்ட்ரைவில் போட்டுக்கொடுத்தால் சாவியையும் கொடுத்ததாகிவிடும். உள்ளேயிருக்கிற ‘ரெப்போசிட்டரி’யை மட்டும், அதிலும் கம்பனியின் சொந்த லைப்ரரிகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள். தெரியாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் அன்றே அலுவலகத்துக்குச் சொல்லி அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவியுங்கள்.

வாங்குகிறவரும் கவனிக்கவேண்டும். என்பிஎம்மின் லொக் கோப்பில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கைரேகைபோல ஹாஷ் இருக்கிறது. ‘என்பிஎம் சிஐ’ கொடுத்தால் அது பொருந்தாத பொதியை ஏற்காது. பில்ட் ஓடவில்லை என்ற அவசரத்தில் லொக் கோப்பை அழிப்பவர்கள் இந்தக் காவலையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

சேர்த்து வைத்தது பழசாகும் என்பதும் உண்மை. 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்திய பதிப்பு இணையத்தில் இருந்தது. பழையதை வைத்து ஓஃப்லைனில் கட்டியவரிடம் ஓட்டைதான் இருந்தது. சிக்னல் திரும்பியதும் முதலில் ‘என்பிஎம் ஓடிட்’ போன்ற ஒரு சோதனையை ஓட்டுங்கள், கட்டியதை அனுப்புவது அதற்குப் பிறகு.